நாச்சிமுத்து மாட்டிய ஃபில்டர்

நாச்சிமுத்து போய்விட்டார் என்ற செய்தி, ஓய்வுபெற்ற நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே வந்தது. இரண்டு முறை படித்தேன். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஆனாலும் நான்தான் எழுதவேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது.

தொலைபேசிக் கம்பியிலேயே டிவி காட்டவேண்டும் என்று நம் தொலைபேசி நிலையத்துக்கு உத்தரவு வந்தபோது பாதிப்பேர் சிரித்தோம். படத்தை எண்களாக மாற்றி, பேச்சு போகிற அதே செம்புக் கம்பியில் அனுப்பவேண்டும். இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு தொலைபேசிக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு ஃபில்டர் மாட்டவேண்டும். லைன்மேன்களில் இதை முதலில் பிடித்துக்கொண்டவர் நாச்சிமுத்து. எங்காவது படம் கலங்கினால் கம்பியோடு நடந்தே போய்க் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். "கம்பி பொய் சொல்லாதுங்க சார். சொல்லோணும்னா நாமதான் சொல்லோணும்" என்பார். நான் சிரித்துவைப்பேன்.

ஜலகண்டாபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில், தினமும் மதியம் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. தொடர் பார்க்கும் நேரம் பார்த்து உடைந்தால் வீட்டம்மா சும்மா இருப்பாரா? புகார் மேலிடம்வரை போய், அதிகாரி என்ற முறையில் நானே நான்கு பேரோடு போய் நின்றேன். நாச்சிமுத்து கம்பியைத் தொடர்ந்து பின்பக்கம் போனார். அரைமணி கழித்துத் திரும்பியபோது படம் தெளிந்திருந்தது.

"என்னய்யா ஆச்சு?"

"ஃபில்டர மாட்ட மறந்துட்டனுங்க சார். எம்மேலதான் தப்பு."

எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினேன். மறுநாளே டிவி வேலையிலிருந்து எடுத்து, கம்பம் நடும் வேலைக்கு அனுப்பினேன். டிவி வேலை அவர் ஆசை ஆசையாகக் கற்றுக்கொண்டது. ஓய்வுபெறும்வரை அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

துக்க வீட்டில் ஒரு பெண் என்னிடம் வந்தார். அந்தத் தறிக்காரர் வீட்டு மருமகள்.

"அன்னிக்கு அவரு எதையும் மறக்கலீங்க. எங்க பொறந்த ஊட்டோட பேசக்கூடாதுன்னு மாமியா சொல்லியிருந்தாங்க. தறிப்பட்டறையில, நூல் மூட்டைக்குப் பின்னால, அதே லைன்ல நானொரு போன மாட்டி ஒளிச்சு வெச்சிருந்தனுங்க. மத்தியானம் தறி ஓட்டுறவங்க சாப்புடப் போனதும் எங்கம்மாகிட்டப் பேசுவனுங்க. கம்பியோட வந்த நாச்சிமுத்து அண்ணன் பாத்துட்டாரு. 'நீ பேசு சாமி, இனிமேப் படம் ஒடையாது'ன்னு அதுக்கொரு ஃபில்டர மாட்டிட்டுப் போயிட்டாரு. மாமியா இப்ப இல்லீங்க. இனிச் சொல்லலாமுங்க."

பக்கத்தில் இருந்த நாச்சிமுத்துவின் மனைவி, "எங்கிட்டயும் மறந்துட்டேன்னுதானுங்க சொன்னாரு" என்று சொல்லி அழுதார்.

அந்தப் பெண் கழற்றிக் கொண்டுவந்திருந்த ஃபில்டர் இப்போது என் மேசையில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அன்று நான் அவரைத் திட்டியபோது உடன் நின்ற நீங்கள் நால்வரும் இதைப் படிப்பீர்கள். அதனால் உங்கள் முன்னால்தான் சொல்லவேண்டும்: நாச்சிமுத்து மறக்கவில்லை. விசாரிக்காமல் பேசியவன் நான். மன்னித்துவிடுங்கள், நாச்சிமுத்து.