பூதலூர் ஹாலும் அறுபது நெல் மூட்டையும்

தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்கள் பெரிய கோயிலுக்குப் போவார்கள். நான் ஒரு ஹாலுக்குப் போனேன். அக்டோபரில், குறுவை அறுவடை முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை, பூதலூர்ப் பெரியப்பா வீட்டு ஹாலுக்கு.

காரணம், பெரியப்பா மகள் மதி அக்கா. இன்டீரியர் டிசைன் படித்தவள் என்பதால் நான் கூப்பிடுவது 'உள்துறை அமைச்சர்' என்று. கோயம்புத்தூரில் ஒரு அலுவலகம் வேலைக்கு எடுப்பதற்கு முன், அவளே வடிவமைத்த அறையை இரண்டு நிமிடப் படமாகக் கேட்டிருந்தது. ஞாயிறு இரவு கடைசி. அவள் வடிவமைத்த ஒரே அறை அந்த ஹால்தான். படமும் இசையும் என் பொறுப்பு. வயது பதினெட்டு, சம்பளம் பிரியாணி.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் தஞ்சாவூர். அங்கிருந்து திருச்சி பாசஞ்சரில் பூதலூருக்குப் பத்து ரூபாய், அரை மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே வயல்களுக்கெல்லாம் புது மொட்டை. ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, எண்பது ரூபாய். டிரைவர் என் யுகுலேலேயை உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி, கிடார் குட்டி போட்டிருக்கா?"

"ஆமாண்ணே, தாயும் சேயும் நலம்."

"சீக்கிரம் வீடு போய்ச் சேருங்க. மேகத்தப் பாருங்க, ரோட்டுல நெல்லு காயப்போட்டவங்கல்லாம் அள்ளிக்கிட்டு ஓடுறாங்க."

அள்ளிக்கொண்டு எங்கே ஓடினார்கள் என்பது வீட்டுக்குள் நுழைந்ததும் தெரிந்தது. மேலே அக்காவின் மூங்கில் விளக்குகள். கீழே, ஜன்னலை மறைத்து அறுபது மூட்டை.

"அமைச்சரே, உங்க துறை எங்க?"

"மூட்டைக்குப் பின்னாடி இருக்குடா." சிரிக்கவில்லை.

கொள்முதல் நிலையத்தில் இடமில்லை, மழை வருகிறது, நெல் வழக்கம்போல ஹாலுக்கு வந்துவிட்டது. டிவி எங்கே, செடி எங்கே, சார்ஜர் எங்கே என்று அக்கா எல்லாம் யோசித்திருந்தாள். நெல் எங்கே என்று யோசிக்கவில்லை. அதே ஹாலில் மூட்டையைப் பிடித்து நடை பழகியவள்!

"அழகா இருக்கும்மான்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார் பெரியப்பா. "நெல்ல எங்க வைக்கிறதுன்னு கேக்கத்தான் வாய் வரல. திங்கக்கிழமைதான் லாரி வருமாம்."

படம் ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். அக்கா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து தரையையே பார்த்தாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் குறும்பு. மூட்டை இடுக்கில் ப்ளூடூத் ஸ்பீக்கரைச் செருகினேன். நடக்கப்போவதைப் பதிவு செய்யப் போனில் ரெக்கார்டிங்கை ஆன் செய்து ஓரமாக வைத்துவிட்டு, டேப்லெட்டிலிருந்து எலி சத்தத்தை ஓடவிட்டேன்.

"ஐயோ, எலி! மதி, தொடப்பத்த எடுடி!" பெரியம்மா சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"எலி இங்க நிக்குதும்மா, மீசை மட்டும் இன்னும் சரியா மொளைக்கல" என்று அக்கா என்னைக் காட்டிக் கொடுத்தாள். துடைப்பத்தால் ஒன்று வாங்கினேன். நியாயமான அடி.

பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. மே மாதம் இதே ஹாலில் வாசித்துப் பார்த்தபோது, வெறும் டைல்ஸில் இசை முட்டி மோதி, கிணற்றுக்குள் கச்சேரி வைத்த மாதிரி இருந்தது. இப்போது பெரியம்மாவின் அலறல்கூட அவ்வளவு சுத்தம். சாக்கு மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிட்டன!

"அக்கா, இது ஸ்டுடியோக்கா!"

அவள் இரண்டு தடவை கேட்டாள். எழுந்தாள். மூட்டைகளை முதல்முறை பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"அப்பா, இந்த வரிசைய ரெண்டடி நகத்தலாமா?"

"நெல்லு நனையாம எங்க வேணா நகத்து. செவுத்த மட்டும் ஒட்டவிடாத, ஈரம் ஏறும்."

மாலைவரை நான்கு பேரும் இழுத்தோம். உயரமான வரிசை சாம்பல் சுவருக்கு முன்னால், தாழ்ந்த வரிசை உட்காருவதற்கு, நடுவில் ஜன்னலுக்கு வழி. ஈரத்துக்காக விட்ட இடைவெளியில் மூங்கில் விளக்கின் வெளிச்சம் இறங்கியபோது, நான் கேமராவைத் தேடி ஓடினேன்.

ஞாயிறு காலை வெளியே மழை, உள்ளே யுகுலேலே. "இது எங்க வீட்டு ஹால். அறுப்பு முடிஞ்சா நெல்லும் எங்களோட இங்கதான் இருக்கும்" என்று தொடங்கி அக்கா பேசினாள். இரவு ஒன்பதுக்கு அனுப்பினோம். வியாழக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து போன்.

"அந்த மூட்டையெல்லாம் செட்டுங்களா?"

"இல்லைங்க, எங்க சாப்பாடு."

அடுத்த மாதம் வேலையில் சேருகிறாள்!

நான் இதுவரை படம், பாட்டு, அறை மூன்றுக்கும் இடத்தைக் காலி செய்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இனிமேல் முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பதாக உத்தேசம். அக்டோபரில் போகிறவர்கள் குடையும், கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறையும் எடுத்துப் போங்கள். எலி சத்தம் வேண்டாம், அந்த வீட்டுத் துடைப்பம் கனம்.

லாரி மூட்டைகளை ஏற்றிப் போன பிறகு பெரியம்மா போனில் சொன்னார்: "ஹால் வெறிச்சுன்னு இருக்குடா, பேசினா திருப்பிப் பேசுது." அக்கா புது வரைபடம் போட்டுவிட்டாள். அதில் அறுபது மூட்டைக்கும் இடம் இருக்கிறது. டிவிக்குத்தான் இல்லை. பெரியம்மாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.