சேசடிமை கட்டிய நிரல்

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. யாரும் பேசிப் பல மாதங்கள் ஆன எங்கள் பழைய லினக்ஸ் குழுவில். "சேசடிமை போயிட்டான் மக்கா. நெஞ்சுவலி. நாளைக்கு மணவாளக்குறிச்சில அடக்கம்." அதன் கீழே அஞ்சலிகள் வந்துகொண்டே இருந்தன. எந்தெந்த நாட்டிலிருந்தோ. நான் செத்தால் எனக்கு இவ்வளவு வராது என்று நினைத்தேன். துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கல்லூரி முடித்ததும் நானும் சேசடிமையும் தக்கலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தோம். அன்று லினக்ஸில் பல மென்பொருள்கள் தயாராகக் கிடைக்காது. பத்திரிகையோடு வரும் சிடியில் மூல நிரல் இருக்கும். நாமேதான் கம்பைல் செய்து கட்டியெடுக்க வேண்டும். பாதியில் பிழைகள் திரை முழுக்கக் கொட்டும். நான் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவேன். அவன் வந்து திரையை மேலே தள்ளிக்கொண்டே போவான்.

"எலே அருளு, கடைசி வரிய எதுக்குல பாக்குக? மொதல்ல எவன் அழுதான்னு பாரு. மத்தவனெல்லாம் அவனப் பாத்து அழுகான்."

சரியாகத்தான் சொன்னான்; முதல் பிழையைத் திருத்தியதும் மற்றதெல்லாம் மறைந்தது. அது எனக்குத் தோன்றவில்லையே என்று அன்று முழுக்க எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தமிழ் எழுத்தைத் திரையில் உடையாமல் காட்டும் நிரலை ஆளுக்கொன்று எழுதியிருந்தோம். பக்கத்துப் பக்கத்துக் கணினி. அவன் கட்டச் சொல்லும் 'மேக்' கட்டளையைத் தட்டிவிட்டு சர்ச்சில் பூசைக்குக் கிளம்பினான்.

"நீ வரலியா?"

"இது முடியட்டும்."

"பாத்துட்டே இருந்தா அது வெக்கப்பட்டு நிண்ணுரும்லே."

என்னுடையது நின்றது. திருத்தினேன். மறுபடி நின்றது. அவன் திரும்பி வந்தபோது அவன் திரையில் 'கொ'வும் 'கோ'வும் கொம்பு பிசகாமல் நின்றன. தன் நிரலை வெளியிடும்போது ஆக்கியோர் இடத்தில் என் பெயரை முதலில் போட்டான்.

"நான் என்னலே செய்தேன்?"

"ஒண்ணும் செய்யல. அகர வரிசைலே."

நான் பெங்களூருக்குப் போனேன். அவன் ஊரிலிருந்தபடியே அந்த நிரலை வளர்த்தான். ஒவ்வொரு வெளியீட்டையும் இறக்கிக் கட்டிப் பார்ப்பேன், ஒரு குறையாவது அகப்படுமென்று. அகப்பட்டால் உடனே எழுதுவேன். அன்றே திருத்திவிட்டுக் கேட்பான்: "வேற உண்டா மக்கா?"

அடக்கம் முடிந்த மறுநாள், இனி நிரலை யார் கவனிப்பது என்று குழுவில் பேச்சு வந்தது. ஒருவன் எழுதினான்: "அருளு, நீ பாத்துக்கிடுவியாடே? அத ஒன்னளவு எவனும் நோண்டினதில்ல."

இத்தனை வருடம் நான் விரும்பிய இடம். சரி என்றேன்.

கடைசி வெளியீட்டை இறக்கிக் கட்டினேன். வரிகள் ஓடின. நிற்கவில்லை. ஓர் எச்சரிக்கைகூட வராமல் முடிந்தது. திருத்த எனக்கு எதையும் விட்டுவைக்கவில்லை அவன்.

அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமை. அதை வைத்துக்கொள்கிறேன். இனி அந்த நிரலில் ஒரு பிழை வந்தால், அது என்னுடையது.