ஐம்பது எம்.பி.க்குள் பதினோரு பேர்

வீடியோவில் ஆட்களைக் குறைத்தால் அதன் சைஸும் குறையும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். ஐம்பத்திரண்டு வயதில், முழு சுயநினைவோடு, இரண்டு நாட்கள் நம்பினேன். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன்; பாலக்கோடு பக்கத்தில் சின்னதாக ஒரு கடை. லோடு குறைந்தால் மோட்டார் இழுக்கும் கரன்ட் குறையும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வீடியோவுக்குப் பொருத்தினேன்.

போன வருடம் தக்காளி விலை அடியோடு விழுந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே பழத்தை விட்டுவிட்ட சமயம் அது. எங்கள் ஊரில் பதினோரு பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். விலை போகாத தக்காளியை வாங்கித் தொக்கு கிண்டி, பாட்டிலில் அடைத்து விற்பார்கள். என் மனைவிதான் செயலாளர். சென்னையில் நடக்கப்போகும் ஒரு கண்காட்சியில் கடை போட இடம் கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். இடம் கிடைத்தால் முதல்முறையாக ஊருக்கு வெளியே அவர்கள் தொக்கு போகும். கிடைக்க வேண்டுமென்றால் வேலை செய்கிற வீடியோ ஒன்றை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். நீளம் சரியாக மூன்று நிமிடம். சைஸ் ஐம்பது எம்.பி.க்குள். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

கல்யாண வீடியோ எடுப்பவர் யாரையாவது கூப்பிடலாம் என்றுதான் குழுத் தலைவி அக்கா சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“வெளியாளு எதுக்குங்க்கா? நான் எதுக்கு இருக்கறன்?” என்றேன்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். மகள் ஓசூரில் வேலைக்குப் போனபோது பழைய லேப்டாப்பை வீட்டில் விட்டுப் போனாள். அதில் சொந்தக்காரர்களின் பிறந்தநாளுக்கு பலூன் பறக்கும் வாழ்த்து வீடியோ செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். நன்றாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை. அதையே சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மனைவியின் போனில் படம் பிடித்தேன். பதினோரு பேரும் வரிசையாகப் பெயரையும் வேலையையும் சொன்னார்கள். ஒருவர் “நான் கழுவறன்” என்றார், அடுத்தவர் “நான் அரியறன்” என்றார், இன்னொருவர் “நான் அடுப்பப் பாத்துக்கறன்” என்றார். தொக்கு கிண்டும் இடத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்த தலைவி அக்கா, “நான் ருசி பாக்கறன்” என்றதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வீடியோவின் உயிர். அதை வெட்டி ஒட்டி, பின்னால் இசை சேர்த்து, கச்சிதமாக மூன்று நிமிடமாக்கினேன்.

புதன்கிழமை காலை எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தினேன். ஒரு பெரிய பட்டியல் வந்தது. தரம் எது, அளவு எது, நொடிக்கு எத்தனை படம் என்று ஏதேதோ கேட்டது. எதிலும் குறை வைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் ஆக உயரத்தில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். நாற்பது நிமிடம் லேப்டாப் மூச்சு வாங்கியது. வெளியே வந்த ஃபைல், ஒன்று புள்ளி ஒன்று ஜி.பி.

ஐம்பது எம்.பி. போகிற வாசலுக்கு முன்னால் அது யானை மாதிரி நின்றது. நான் முதலில் செய்த காரியம், லேப்டாப்பை மூடித் திரும்பத் திறந்து பார்த்தது. குறைந்திருக்கும் என்று ஒரு ஆசைதான். குறையவில்லை.

சரி, லோடைக் குறைப்போம் என்று இறங்கினேன். முதலில் இசை, பேச்சு எல்லாவற்றையும் எடுத்தேன். மறுபடி நாற்பது நிமிடம். அதே சைஸ். கலரை எடுத்தேன். அந்தக் காலத்தில் கலர் டிவியைவிடக் கறுப்பு வெள்ளை டிவி விலை குறைவாக இருந்ததே என்பதுதான் என் ஆதாரம். தொக்கு, ரோடு போடும் தார் மாதிரி ஆனதே தவிர சைஸ் அசையவில்லை.

மிச்சம் இருந்தது மனிதர்கள்தான்.

முதல் பலி தலைவி அக்கா. பட்டுச்சேலையின் ஜரிகை மினுமினுப்பு ஏகப்பட்ட டேட்டாவைக் குடிக்கும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்திருந்தேன். அவர் வரும் இடங்களில் எல்லாம் ஒரு தொக்கு பாட்டிலின் படத்தை வைத்தேன். மூன்று நிமிடம் குறையக் கூடாதல்லவா. பிறகு பெரிய பூ போட்ட சேலைக்காரர், கட்டம் போட்ட சேலைக்காரர் என்று ஒவ்வொருவராக இறக்கினேன். வியாழன் மாலைக்குள் ஆறு பேர் போய்விட்டார்கள். என் மனைவியை இறக்க மட்டும் நான் நினைக்கவே இல்லை. அதற்குக் காரணம் கலை அல்ல, உயிர் பயம்.

இதற்கு நடுவில் தலைவி அக்கா போன் மேல் போன்.

“தம்பி, நான் வர்ற எடம் நல்லா வந்துச்சா?”

“ரொம்ப சுத்தமா வந்திருக்குதுங்க்கா.”

பொய் சொல்லவில்லை. அங்கே யாருமே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வரை ஒன்று புள்ளி ஒன்று ஜி.பி. ஒரு இம்மியும் இறங்கவில்லை. கோளாறு லேப்டாப்பில்தான் என்று தீர்ப்பு எழுதி, அதன் பாரத்தைக் குறைக்கப் பழைய பலூன் வீடியோக்களோடு, முதலில் செய்து வைத்திருந்த முழு வீடியோவை அழித்தேன். பிறகு மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மனைவி லேப்டாப்பைக் கைக்குழந்தை போல் மடியில் வைத்துக்கொண்டு, “எல்லாம் முடிஞ்சிருச்சு தானே?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். முடிந்துவிட்டது என்றுதான் எனக்கும் தோன்றியது.

கடைக்காரரைச் சுற்றி சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவர்கள் கூட்டம். அவர் என் ஃபைலைப் பார்த்துவிட்டு, “இத எங்க ஏத்தறதுண்ணா? செத்த உக்காருங்க” என்று திரும்பிக்கொண்டார். மணி மூன்றே கால். பெஞ்சில் உட்கார்ந்ததும் மனைவி வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அதுவரை நான் அவர் கண்ணில் காட்டவே இல்லை.

“என்னங்க, கலரு இல்ல?”

“அது ஒரு ஸ்டைலு.”

“சத்தம்?”

“அதுவும் ஸ்டைலுதான்.”

மூன்று நிமிடம் ஓடி முடிந்தது.

“அக்காவக் காணோமே?”

நான் லேப்டாப்பின் ஸ்பீக்கரைத் துடைத்தேன்.

“என்னங்க, அக்காவ எங்க?”

“சைஸு கொறையணுமேன்னு...”

“சைஸு கொறைக்க அக்காவத் தூக்கிட்டீங்களா? அந்தம்மா பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த சேலையக் கட்டிக்கினு வந்துச்சுங்க!”

மொத்தக் கடையும் திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் வண்டிப் பத்திரங்களை ஜெராக்ஸ் எடுக்கக் காத்திருந்த ஒரு லாரி டிரைவர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். தக்காளி லோடு ஏறும்வரை காத்திருப்பவர். கொஞ்சம் கன்னட வாடை அடிக்கும் தமிழ்.

“தப்பா நெனைக்காதீங்க சார். ஆள எறக்கினா எப்பிடி சார் கொறையும்? நீங்க எடுத்துக்கிட்டது பதினாறு சக்கரம். காலியா போனாலும் டோல்கேட்டுல அதே காசுதான். சின்ன வண்டி எடுங்க.”

போகிற ஊர்களை எல்லாம் படம் பிடித்து, லோடு ஏறும் நேரத்தில் அதை வெட்டி ஒட்டி நெட்டில் போடுகிறவராம் அவர். உரிமையோடு லேப்டாப்பை இழுத்து, நான் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்த அதே எக்ஸ்போர்ட் பட்டியலைத் திறந்தார்.

“போன்ல எவ்ளோ பெருசா எடுத்தீங்களோ, அதவிட நாலு மடங்கு பெருசா வெளிய எடுக்கறீங்க. இல்லாத அளவு எங்கிருந்து சார் வரும்?” என்று அளவைக் குறைத்தார். நொடிக்கு அறுபது படம் என்று இருந்ததை முப்பதாக்கினார். பிறகு பட்டியலின் அடியில் பிட்ரேட் என்ற ஒரு கட்டத்தைக் காட்டினார். ஒவ்வொரு நொடிக்கும் எவ்வளவு டேட்டா செலவழிக்கலாம் என்கிற அளவாம் அது. நான் ஐம்பதில் விட்டிருந்தேன். அவர் அதை இரண்டு ஆக்கினார்.

“ரெண்டா? மூஞ்சி தெரியுமா?” என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் என் மனைவி சொன்னார்: “தொக்கு மாதிரிதானுங்களே? ஒரு குண்டான் தக்காளிய வத்த வெச்சு நாலு பாட்டில்ல அடைக்கறோம். எந்தத் தக்காளியையும் தூக்கி எறியறதில்ல. தண்ணிதான் போவுது.”

“அக்கா புரிஞ்சிக்கிட்டாங்க சார்” என்றார் டிரைவர்.

எனக்கு இரண்டு நாள் ஆகியும் புரியாதது மனைவிக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, அந்தத் தொக்கு வற்றும் காட்சியை நான் இருபது தடவை வெட்டி ஒட்டியிருந்தேன்.

“எல்லாரும் இருக்கற முழு வீடியோவக் குடுங்க சார்” என்றார் டிரைவர்.

“அழிச்சிட்டன்” என்றேன்.

மனைவி எழுந்து பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தார். மணி நான்கு ஆகப்போகிறது.

டிரைவர் பதறாமல், லேப்டாப்பில் அழித்தவை போய்ச் சேரும் குப்பைத் தொட்டியைத் திறந்தார். என் பழைய பலூன்களுக்கு நடுவில், ஜரிகை மினுங்க, வாய்நிறையச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தலைவி அக்கா. அவரை மீட்டு வெளியே எடுத்து, புது அளவில் எக்ஸ்போர்ட் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் முடிந்தது. ஓட்டிப் பார்த்தோம். தொக்கு சிவப்பாக இருந்தது. முகங்கள் தெளிவாக இருந்தன. மூக்கை ஸ்கிரீனில் இடித்துக்கொண்டு பார்த்தால்தான் ஜரிகை கொஞ்சம் மங்கியது தெரிந்தது. “நான் ருசி பாக்கறன்” வந்தபோது கடையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

நாலே முக்காலுக்கு வீடியோ ஏறிவிட்டது. டீ வாங்கித் தருகிறேன் என்று நான் எழுந்தபோது டிரைவருக்கு போன் வந்தது, லோடு ஏறிவிட்டதாம். மனைவி பையிலிருந்து ஒரு பாட்டில் தொக்கை எடுத்து அவர் கையில் திணித்தார். “களிக்கு ஆவும்” என்று வாங்கிக்கொண்டு போனார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

கதை அன்று மாலையே குழு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலை தலைவி அக்கா அதே பட்டுச்சேலையில் என் கடை வாசலில் வந்து நின்றார்.

“இப்ப தெரியறனா தம்பி? இல்ல, பாட்டில் எதனா மறைக்குதா?”

கண்காட்சியில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. கொண்டுபோன பாட்டில் எதுவும் திரும்பி வரவில்லை. இப்போதும் தொக்கு கிண்டும் நாட்களில் யாராவது ஒருவர் எனக்கு போன் போட்டு, “அண்ணா, எந்தத் தக்காளிய எறக்கி விடலாம்?” என்று கேட்பார்கள். நானும் கடையில் ஒரு மோட்டார் மக்கர் செய்தால், எதையும் கழற்றி எறிவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி நடந்தது இவ்வளவுதான்: ஆறு பேரையும், கலரையும், சத்தத்தையும் இறக்கிவிட்ட என் வீடியோ ஒன்று புள்ளி ஒன்று ஜி.பி.; பதினோரு பேரும் சிரித்துக்கொண்டு போன வீடியோ நாற்பத்து மூன்று எம்.பி.