நீலாம்பாளின் விரல்

மனோகரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீர்காழியிலிருந்து கடற்கரைக் குப்பத்துக்கு வண்டியை விரட்டி வந்தவன், கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு மீனவர் கண்ணுசாமியின் பழைய படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்தக் கரையில் பாதிப் படகுகளுக்குப் பெயர் எழுதியவன் அவன். ஆனால் 'நீலாம்பாள்' என்ற ஒரு பெயரை மட்டும் அவனால் மறுபடி எழுத முடியவில்லை.

நீலாம்பாள் கண்ணுசாமியின் அம்மா. வயல்காட்டு ஊர்களில் கூடை சுமந்து மீன் விற்றே அந்தப் படகை வாங்கியவள். அது வந்த அன்று மனோகரன் ஒரே மூச்சில் அவள் பெயரை எழுதினான். வெள்ளைப் படகில் நீல எழுத்து, என்னமாய் வந்தது! புதுப் படகுக்கு வீட்டுக்குப் பெரியவள்தான் முதலில் பொட்டு வைப்பாள். நல்ல நேரம் போய்விடப் போகிறதென்று குங்குமத்தோடு வந்துவிட்டாள் கிழவி.

"ஆத்தா, ஈரம் காயல, தொடாதீங்க!"

சொல்லி வாயை மூடவில்லை, கடைசி எழுத்தில் விரல் பட்டு நீளமாக ஓர் இழுப்பு. துடைக்கப் போனவனை அவள் விடவில்லை.

"கெடக்கட்டும் போடா. எம்பேருதானே!"

அன்றிலிருந்து அந்தப் படகைப் பார்த்தாலே மனோகரனின் கண் அந்த இழுப்புக்குத்தான் போகும். மானம் போனது போல இருக்கும். தொழில்காரன் புத்தி, என்ன செய்வது?

போன ஐப்பசியில் நீலாம்பாள் போய்ச் சேர்ந்தாள். பழைய படகும் அடியில் விரிசல் விட்டது. "புதுசுலயும் அதே எழுத்துதான் வேணும் மனோகரா," என்றார் கண்ணுசாமி. பலகை பலகையாக எழுதிப் பார்த்தான். வரவில்லை. தின்னரில் அழித்து அழித்துக் கையே எரிந்தது.

ஃபோனில் எந்த நாட்டு எழுத்தையும் உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. அப்படித்தான் வாங் ஷிஜி அகப்பட்டார். பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆள். சீன எழுத்துக்கலைக்கே தலைமகன். ஓடைக்கரையில் நண்பர்களோடு குடித்துக்கொண்டு, அன்று அவர்கள் பாடிய கவிதைகளுக்கு ஒரு முன்னுரை எழுதினாராம். தெளிந்த பிறகு எத்தனை முறை எழுதியும் அதுபோல வரவில்லையாம். கேட்டதும் மனோகரனுக்குப் பாதி உயிர் வந்தது. அவருக்கே வரவில்லை என்றால் இவன் எம்மாத்திரம்! அந்த மூலமும் இப்போது இல்லை. உலகம் கும்பிடுவதெல்லாம் நகல்களைத்தான். மெல்லிய தாளை மேலே வைத்து, எழுத்தின் ஓரத்தை வரைந்து, உள்ளே மை நிரப்பி எடுத்த நகல்கள்.

அந்த யோசனையோடுதான் வண்டியை விரட்டி வந்திருந்தான் மனோகரன். அவனும் அப்படியே செய்தான். பழைய படகில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஓரம் வரைந்து, புதுப் படகில் நீலம் நிரப்பினான். அச்சு அசலாக வந்தது. அந்த அசிங்க இழுப்பை மட்டும் விட்டுவிட்டான்.

கண்ணுசாமி வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா வெரலு எங்கப்பா?"

"அது பெசகுண்ணே."

"பெசகோ என்னவோ, எங்கம்மா கை பட்டதுன்னு எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

மனோகரனுக்கு முகம் சுட்டது. அந்தச் சீன நகல்களில் வாங் ஷிஜி அடித்துத் திருத்திய இடங்களைக்கூட விடாமல் எழுதியிருந்தார்கள். பார்த்தபோது சிரித்தானே, மடையன்!

மறுபடி தாளை எடுத்துக்கொண்டு பழைய படகுக்கு ஓடினான். தொடக்கத்தில் தடித்து, விரலை எடுத்த இடத்தில் மெலிந்திருந்தது அந்த இழுப்பு. பெயர் முழுவதற்கும் ஆன நேரத்தைவிட அந்த ஒரு கோட்டுக்கு அதிக நேரம் பிடித்தது. கடைசியில் தூரிகையை எடுத்ததும் கண்ணுசாமி பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"ஈரம் காயல, தொடாதீங்க!"

கத்திய பிறகுதான் மனோகரனுக்கு உறைத்தது. அதற்குள் அம்மாவின் கோட்டுக்குப் பக்கத்தில் மகனின் விரலும் இழுத்திருந்தது. பதறிப்போன கண்ணுசாமி, திருட்டு முழி முழித்துக்கொண்டு தின்னர் துணியை எடுத்து நீட்டினார்.

மனோகரன் அதை வாங்கித் தன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"கெடக்கட்டும்ணே," என்றான்.