மேனேஜர் மாற்றிச் சொல்லாத பதில்

அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். ஆர்டர் பேசுவதிலிருந்து சரக்கு கிளம்பும்வரை எல்லாம் என் பொறுப்பு. அந்த வேலையில் அங்கே நான் ஒருத்திதான் பெண்.

ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு ஏஜென்ட் பெரிய ஆர்டரோடு வந்தார். மாதக் கடைசிக்குள் சரக்கு வேண்டும் என்றார்.

"முடியாது சார். மழைக்காலம், சாயப்பட்டறையிலிருந்து துணி வரவே லேட்டாகும். இன்னும் ரெண்டு வாரம் வேணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கூட உட்கார்ந்திருந்த எங்கள் மேனேஜர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார். பொம்பளைங்க எதுக்கெடுத்தாலும் பயப்படுவாங்க" என்றார்.

மேனேஜர் தலையாட்டினால் போதும், இனி அங்கே என் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

அவர் நிதானமாகச் சொன்னார்: "இந்த ஆர்டருக்கு அவங்க சொல்றதுதானுங்க முடிவு. தேதியை அவங்ககிட்டயே பேசிக்கோங்க."

ஏஜென்ட் ஃபைலை மூடினார். எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். ஆனால் நாற்காலியை என் பக்கம் திருப்பி, "ரெண்டு வாரம் உறுதிதானே மேடம்?" என்றார்.

"உறுதி சார்."

அவர் போனதும் மேனேஜரிடம், "ஆர்டர் கைவிட்டுப் போயிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"போனாப் போகுதுங்க. உங்க பேச்சை நானே மாத்துனா, அப்புறம் உங்ககிட்ட யாருங்க பேசுவாங்க?"

சொன்ன தேதிக்கு முன்பே சரக்கை அனுப்பிவிட்டேன். அடுத்த ஆர்டருக்கு அந்த ஏஜென்ட் ஃபோன் செய்தபோது மேனேஜரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். பேசி முடித்துவிட்டுத் தையல் ஹாலின் நடுவே நிமிர்ந்து நடந்தேன். அந்த நடை அதற்குப் பிறகு மாறவே இல்லை.