கோவிந்தம்மாவின் இரண்டாவது கட்டு

கோவிந்தம்மா தங்கராஜின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஃபிஜித் தீவில், லோவு கடலோரத்தில் அலையாத்திக் காடு தொடங்கும் இடம். காலை ஆறரை மணி. பையிலிருந்து இரண்டு மீன் டின், ஒரு டிரான்சிஸ்டர், சவரப் பெட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று விழுந்தன. சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது இன்னாத்துக்கு? மலையில உனக்குப் பொண்ணு பாக்கப் போறோமா?" என்று கேட்டார். தங்கராஜுக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பது வருஷம் பஸ் ஓட்டியபோது ஊரையே அதட்டியவர், சட்டையை மடித்து ஒரு மரக்கிளையில் மாட்டினார்.

நடை கிளம்பும் முன் இந்தச் சோதனை வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. லோவுச் சேற்றில் இறங்கி, கரும்பு வயல்களைக் கடந்து, ட்ராசா ஊருக்குப் பின்னால் இருக்கும் பைன் காட்டில் ஏறி, மறுநாள் மதியம் மலைக்கிராமத்தில் போய் முடிகிற நடை. கூட்டிப் போகிறவர் கோவிந்தம்மா, வயது அறுபத்திரண்டு. நான் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த தமிழ் வாத்தியார், முதல் தடவை போகிறவன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாஸ்டர், பூட்ஸு நல்லா இருக்குது. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு நல்லா இருக்கும்" என்றார். ஒரு மணி நேரம் என்பது தாராளமான மதிப்பீடு. இருபதாவது நிமிஷமே வலது பூட்ஸைச் சேறு வாங்கிக்கொண்டது. தோள்வரை கையை விட்டு அதை மீட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

தொழில் தையல். லௌடோக்காவில் பள்ளிச் சீருடை தைக்கும் சின்னக் கடை. யாரையும் முகத்தைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ள மாட்டார். இடுப்பு, தோள், கால் நீளம், அவ்வளவுதான். "உங்க எடது காலு அரை இஞ்சு கொறச்சல், ஏத்தத்துல தெரியும்" என்று என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஏற்றத்தில் தெரிந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்ப்பதை எல்லோரும் கூ என்கிறார்கள். எண்பத்தேழில் இரண்டு, இரண்டாயிரத்தில் ஒன்று, போன டிசம்பரில் ஒன்று, ஆக மொத்தம் நான்கு. கோவிந்தம்மாவுக்குக் காலண்டரே இந்த நான்குதான். "இந்தக் குடை ரெண்டாவது கூவுல வாங்கினது. முட்டி வலி மூணாவது கூவுல வந்திச்சு." முட்டி வலிக்கு ராணுவமே காரணம் என்பதுபோல்தான் சொல்வார்.

நடை தொடங்கியது முதல் கூவுக்கும் இரண்டாவது கூவுக்கும் நடுவில். மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்து வைத்திருந்தார். ராணுவம் சாலையை மறித்துவிட்டது, லாரி ஓடவில்லை. துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டு வழியாகவே போய்விட்டார். அங்கே போனால் இடித்துக் கரைத்துக் குடிக்கும் நங்கோனா வேரின் கட்டு ஒன்றை ஊர்த்தலைவர் முன்னால் வைத்து, 'உங்கள் மண்ணில் நடக்க வந்திருக்கிறேன்' என்று கேட்க வேண்டும் என்பதுவரை அவருக்குத் தெரியும். எப்படி வைப்பது என்பது தெரியாது. தனக்குத் தெரிந்தபடி செய்தார். கட்டைப் பித்தளைத் தட்டில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் கொளுத்தி, தலைவர் ஜோசேவாவுக்கு மூன்று சுற்று ஆரத்தி சுற்றினார். தன்னைக் கொளுத்த வந்திருக்கிறாள் என்று நினைத்து ஜோசேவா ஜன்னல் வழியாக வெளியே குதித்தார் என்பது தங்கராஜ் சொல்லும் கதை. "குதிக்கல. கால மட்டும் வெளிய போட்டாரு" என்று கோவிந்தம்மா திருத்துவார்.

மறு வருஷத்திலிருந்து கூட்டம் சேர்ந்தது. ஆளுக்கொரு பை, சீருடைத் துணி மிச்சத்தில் அவரே தைத்தது, பெயர் போட்டது. வெளிநாடு போகிறவர்கள் பையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கூவுக்கும் பைகள் திரும்பி வந்தன. ஃபிஜி இந்தியர்கள் பயந்து ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று போய்விட, கடைச் சுவரில் பதினாறு காலிப் பைகள் தொங்குகின்றன. இந்த வருஷம் நடக்க வந்தது தங்கராஜ், ஷமிதா என்ற நர்ஸ், நான். என் தோளில் இருந்தது அப்படிப் போய்விட்ட ஒருவரின் பை, நரேந்திரா என்று எழுதியிருந்தது.

அன்று காலை கடலோரத்தில் எங்கள் பைகளைக் கொட்டி முடித்ததும், பழிவாங்கும் சந்தோஷத்தோடு ஷமிதா கோவிந்தம்மாவின் பையைத் திறந்தாள். சப்பாத்திக் கட்டை, புளிச்சோறு, ஊசி டப்பா. அதற்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய நங்கோனாக் கட்டு. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஷமிதாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் கட்டு வந்ததற்கு. இரண்டாவது, போகிறவர்கள் விடை கேட்டு வைப்பது. கோவிந்தம்மா இத்தனை வருஷத்தில் அதை ஒருமுறைகூட வைத்ததில்லை. "திரும்பி வர்றவளுக்கு விடை எதுக்கு?" என்பார், ஜோசேவாவும் விட்டுவிட்டார். இப்போது மகள் ரஞ்சனா பிரிஸ்பேனிலிருந்து எழுதிப்போட்டு விசா வந்துவிட்டது. பதினான்காம் தேதி விமானம். அவர் போய்விட்டால் இந்த நடையும் இல்லை. தங்கராஜ் கடலைப் பார்த்தபடி, "பாதிக் கட்டு போதாதா?" என்றார், பேச்சை மாற்றத்தான்.

அந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு. ஒருமுறை தங்கராஜ் சிக்கனமாகப் பாதிக் கட்டு வாங்கி வந்தார். ட்ராசாவரை நடந்த பிறகு அது தெரிந்து, அவரை மார்க்கெட்டுக்கே திருப்பி அனுப்பினார் கோவிந்தம்மா. இப்போதும் அதே பதில்தான். "பாதிக் கட்டு வெச்சா பாதி மனசுன்னு அர்த்தம். அதுக்கு வெறுங்கைய வீசிகினு போலாம்."

கரும்பு வயல் முடிந்து சாலையைக் கடக்கும் இடத்தில் ராணுவச் சோதனை. துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். கோவிந்தம்மா அவன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பட்டன் ஒற்றை நூலில் தொங்கியது. அவனுடைய மொழியில் ஏதோ சொன்னார். அவன் அசையாமல் நின்றான். ஊசியில் நூலைக் கோத்து, அவன் மேலேயே வைத்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கூ பண்றவனுக்குப் பட்டனாவது ஒழுங்கா இருக்க வேணாமா?" என்று தமிழில் எங்களிடம் சொன்னார். அவன் "வினாக்கா" என்று நன்றி சொல்லி, வழியை மறித்திருந்த தடியை நகர்த்தினான்.

பைன் காட்டுக் கொட்டகையில் தங்கி, மறுநாள் காலை மலை ஏறினோம். மூச்சு வாங்கும்போது பிரிஸ்பேனைப் பற்றிக் கேட்டேன். "அங்கியும் நடக்க வழி இருக்குதாம். ரஞ்சனா போட்டோ அனுப்பிச்சா. சிமிட்டி போட்டு, அம்புக்குறி போட்டு வெச்சிருக்கான். யாரையும் ஒண்ணும் கேக்க வேணாமாம்." நாலு எட்டு நடந்து திரும்பினார். "யாரையும் கேக்காம ஒரு எடத்துல எப்படி மாஸ்டர் நடக்கறது?" எங்கள் ஊரில் நான் யாரையும் கேட்டு நடந்ததில்லை. அவர் போகிறாரே என்று எனக்கே தாங்கவில்லை. அவரைத் தெரிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

கிராமத்துக்கு இருநூறு அடி முன்னால், ஊர் மரியாதைக்காக, தொப்பிகள் கழன்றன. பைகள் தோளிலிருந்து கைக்கு இறங்கின. ஜோசேவா பாயில் உட்கார்ந்திருந்தார், எழுபதைத் தாண்டிய பெரிய உடம்பு. முதல் கட்டை வைத்துக் கோவிந்தம்மா பேசினார். கை தட்டினோம், நங்கோனா குடித்தோம், நாக்கு மரத்தது. இரண்டு மணி நேரம் அவர்கள் இருவரும் பேசிச் சிரித்தார்கள். யாரைப் பற்றி என்று கேட்டேன். என்னுடைய பூட்ஸைப் பற்றி என்றார் தங்கராஜ்.

எங்களைக் கீழே இறக்க வந்த லாரி ஹாரன் அடித்தது. நாங்கள் எழுந்தோம். கோவிந்தம்மா எழவில்லை. பைக்குள் கையை விட்டு இரண்டாவது கட்டை எடுத்தார். ஜோசேவாவின் சிரிப்பு அடங்கியது. முதுகை நிமிர்த்தி, காலை ஒழுங்காக மடக்கி, விடை கேட்கும் வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

இரண்டு நாளாக வாய் ஓயாத கோவிந்தம்மா செய்தித்தாளைப் பிரித்தார். கட்டின் கயிற்றை அவிழ்த்தார். வேர்களைப் பாயில் பரப்பி, துணி வெட்டும்போது பார்ப்பதுபோல் ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்து, இரண்டாகப் பிரித்தார். ஊசி டப்பாவிலிருந்து நூலை எடுத்து ஒரு பாதியைக் கட்டி, இரண்டு கையாலும் ஜோசேவாவின் முன்னால் வைத்தார். "பாதிக் கட்டு" என்றார் தங்கராஜ் மெதுவாக. மற்றப் பாதியைக் கோவிந்தம்மா அதே செய்தித்தாளில் சுற்றி, பையின் அடியில் வைத்து, பட்டனைப் போட்டார்.