எட்டாங்கட்டையின் கடைசி ஓட்டு

புகை வாசம்... எங்கள் ஜெர்சியை நினைத்தால் முதலில் அதுதான் வரும்.

மழைக்காலத்தில் துணி காயாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் வீட்டில், ஷீட்டு தொங்கும் மூங்கில்களிலேயே பதினோரு சட்டைகளையும் மாட்டிவிடுவோம். மறுநாள் காய்ந்திருக்கும். வெள்ளைச் சட்டை டீ நிறத்துக்கு வந்திருக்கும். திடலில் கோடு போடுவதும் அந்த அடுப்புச் சாம்பலில்தான்.

தஞ்சோங் கிளிங் டீம் எங்களைப் பார்த்ததும் மூக்கைப் பிடிக்கும்.

"டேய், ஷீட்டு வந்துருச்சு. எட போட்டு அனுப்புங்கடா."

எங்கள் கோல்கீப்பர் கேசவன் மச்சான், என் அக்காள் கணவர், சும்மா இருக்கமாட்டார்.

"ஒரு கையில மூக்கப் புடி தம்பி. மறு கையில நாங்க போடுற கோல எண்ணு."

மெர்லிமாவ் சாலையில் எட்டாவது மைல்கல் பக்கம் இருந்ததால் எங்கள் தோட்டத்துக்கு எட்டாங்கட்டை என்று பெயர். கம்பெனி வைத்த இங்கிலீஷ் பெயர் போர்டில் இருந்தது. யாரும் சொல்லமாட்டோம். கிளப்புக்கும் எட்டாங்கட்டை என்றுதான் பெயர்.

போன வாரம் இந்தக் குழுவில் யாரோ எங்கள் டீமின் பழைய போட்டோவைப் போட்டீர்கள். கீழே ஒரு தம்பி என்னைப் பற்றி எழுதியிருந்தார்: "இந்தப் பெருசோட பிடிவாதத்துலதான் கிளப் படுத்துச்சு."

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பேப்பர் படித்துத்தான் எழுதக் கற்றேன். ஆனால் பதில் எழுதத் தெரியும்.

கிளப் படுத்தது ஆசையால். மாநில லீக்கில் இடம் கிடைத்ததும் பட்டணத்து கிளப் மாதிரி ஆகிவிட நினைத்தோம். வெளியிலிருந்து மூன்று ஆட்டக்காரர்களைச் சம்பளம் பேசிக் கொண்டுவந்தோம். லாரியில் நின்றுகொண்டு போனவர்கள் பஸ் பிடித்தோம். விளையாட்டுச் சாமான் கடைத் தவுக்கே, சீன முதலாளி, நல்ல மனிதர். பூட்ஸையும் புது ஜெர்சியையும் கடனுக்கே கொடுத்தார். எல்லாவற்றுக்கும் தலைவர் என்று நான்தான் தலையாட்டினேன். அதை மறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தை விற்றார்கள். சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்த சந்தாவில் ஓடிய கிளப் அது. பாயா ரும்புட், சிங்கப்பூர் என்று ஆளாளுக்குப் பிரிந்துபோன பிறகு யாரிடம் கேட்பது? வெளியாட்கள் மூவரும் முதலில் விலகினார்கள். அடுத்து பஸ் நின்றது. கடைசி ஆட்டத்தில் ஒன்பது பேரோடு இறங்கினோம்.

அப்போது பாயா ரும்புட்டில் டயர் கடை வைத்திருந்த ஒரு முதலாளி வந்தார். மொத்தக் கடனையும் அடைப்பதாகச் சொன்னார். எட்டாங்கட்டை என்ற பெயரை எடுத்துவிட்டுத் தன் கடைப் பெயரை வைக்கவேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

காலியாகக் கிடந்த ஆயாக்கொட்டகையில் கமிட்டி கூடினோம். எங்கள் பிள்ளைகள் தொட்டிலில் தூங்கிய இடம்.

"பேருல என்னா மச்சான் இருக்கு? தோட்டமே போச்சு," என்றார் கேசவன் மச்சான். அவர்தான் பொருளாளர்.

"அதனாலதான் மச்சான் சொல்றேன். தோட்டம் போச்சு, வீடு போச்சு. மிச்சம் இருக்கிறது பேரு மட்டுந்தான். அதையும் டயருக்குக் குடுக்கணுமா?"

"புள்ளைங்க ஆடணும்லா."

"வேற பேருல ஆடுனா அது வேற டீமு."

ஏழு பேர். மூன்றுக்கு மூன்று. ஏழாவது கை என்னுடையது. வேண்டாம் என்ற பக்கம் தூக்கினேன். கிளப் அன்றோடு முடிந்தது.

பிறகுதான் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது. தவுக்கேயின் பில்லில், கிளப் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று மச்சான் தன் பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் போனது. அக்காவின் சங்கிலியும் போனது. நான் பணம் கொண்டுபோய் நீட்டினேன், வாங்கவில்லை.

அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மச்சான்தான் அவளைச் சமாதானப்படுத்தினார். வாசலில் நின்றிருந்த என் காதில் விழுந்தது.

"அவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்ல. தெரிஞ்சிருந்தா கையத் தூக்கிருப்பானா? வுடுலா."

இப்போது அந்த இடம் தாமான், வரிசை வரிசையாக வீடுகள். பையன்கள் மணிக்கணக்குக்குக் காசு கட்டி, கூரைக்குக் கீழே ஃபுட்சால் ஆடுகிறார்கள். நெஞ்சில் ஏதோ ஒரு நாட்டு விமானக் கம்பெனியின் பெயர், முதுகில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் பெயர்... யாருக்கும் கூச்சமில்லை. எட்டாங்கட்டை என்றால் போனில் இருக்கும் மேப்புக்கும் தெரியவில்லை.

போன மாதம் டிவியில் ஒரு செய்தி. எங்கோ வெளிநாட்டில் பெரிய கிளப் ஒன்று கடனில் மூழ்கிப் போனதாம். மச்சானும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அங்கயும் உன்ன மாதிரி ஒருத்தன் கையத் தூக்கிருப்பான்," என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

அந்தக் கமிட்டிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே தவுக்கே என்னைக் கூப்பிட்டு அந்தப் பில்லைக் காட்டியிருந்தார். மச்சானின் கையெழுத்தைப் பார்த்தேன். யார் தலையில் விழும் என்று தெரிந்துதான் கையைத் தூக்கினேன்.

இன்று ஓட்டு வைத்தாலும் அப்படித்தான் தூக்குவேன். பிடிவாதம் என்று எழுதிய தம்பி எழுதிக்கொள்ளட்டும். ஆனால் தெரியாமல் செய்தான் என்று ஒருவர் இத்தனை வருஷமாக எனக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார். அது எனக்கு வேண்டாம்.

மச்சானும் இந்தக் குழுவில் இருக்கிறார். காலையில் பால் இல்லாத தே ஓ குடித்துக்கொண்டே ஒன்று விடாமல் படிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மேட்ச் பார்க்க அவர் வீட்டுக்குப் போவேன்... கேட் திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.